எட்டு வீட்டு லயமும் எட்டு விளக்குகளும்



சென்ற ஆண்டின் இறுதியில், ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலரோடு சேர்ந்து ஒரு சிறு மின்னணுக் கைவேலை செய்தேன். கணினியிலிருந்து இடும் கட்டளைக்கேற்ப எட்டுச் சிறு விளக்குகள் எரிந்து அணைய வேண்டும், அவ்வளவுதான். செய்முறையை மட்டும் எழுதிப் பிற ஆசிரியப் பெருமக்களுக்குப் பயன்படும்படி இங்கே இடலாம் என்று எண்ணியே அமர்ந்தேன். ஆனால், மேசைமேல் கிடந்த அந்த விளக்குகளைப் பார்க்கப் பார்க்க, கெடா மாநிலத்துத் தோட்டப்புற மக்களுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான நீண்ட கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. விளக்கு யார் வீட்டில் எரிந்தது என்பதைவிட, அதன் விசை யார் கையில் இருந்தது என்பதே அந்தக் கணக்கு. ஆதலால் இது செய்முறையும் வரலாறும் கலந்த கட்டுரையாகிவிட்டது. பொறுத்தருள்க.

கெடாவின் தென்பகுதியில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் என நீளும் நிலப்பரப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இரப்பர்த் தோட்டங்களால் நிறைந்தது. பால்மரம் சீவ வந்த நம் முன்னோர்க்கு வாய்த்த வெளிச்சங்கள் மூன்று. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. கோவிலில் எண்ணெய் விளக்கு. விடியுமுன் மரத்தடிக்குப் போகையில் நெற்றியில் கட்டிய கார்பைடு விளக்கு. இம்மூன்றாவது விளக்கின் நுட்பத்தை இன்றைய மாணவர்க்குச் சொன்னால் வியந்து போகின்றனர். கால்சியம் கார்பைடு என்னும் சாம்பல்நிறக் கல்லின்மேல் நீர் சொட்டுச் சொட்டாக விழும். அதிலிருந்து அசிட்டிலீன் வாயு எழும். அவ்வாயு சிறு துளைவழியே வந்து எரியும். நீர் சொட்டும் வேகத்தைக் கூட்டினால் சுடர் பெருகும், குறைத்தால் அடங்கும். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தொழிலாளியின் விரலுக்கு உரிமை இருந்தது அந்த ஒரு விளக்கில்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மின்சாரம் வந்தபோது அந்த உரிமை உடன் வரவில்லை. மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949ஆம் ஆண்டில் அமைந்தது. அதுவே பின்னர் லெம்பாகா லெட்ரிக் நெகாரா ஆகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. கம்பத்துக் கிராமங்களுக்கு அரசின் ஊரக மின்திட்டங்கள் படிப்படியாகச் சென்றன. தோட்டங்களோ தனியார் நிலம். ஆகவே அத்திட்டங்களின் எல்லைக்கு வெளியே நின்றன. ஆலையின் எஞ்ஜின் ஓடினால் லயத்துக்கும் வெளிச்சம். எஞ்ஜின் நின்றால் இருள். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மாலை 6.30க்கு விளக்கு வரும். இரவு 10க்குப் போகும். துரை பங்களாவில் மட்டும் விடிய விடிய எரியும். லயத்து வீடுகளுக்குள் விசை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் உண்மையான விசை எஞ்ஜின் வீட்டில் இருந்தது. அந்த வீட்டின் பூட்டுக்குச் சாவி எஞ்ஜின்காரரிடம். எஞ்ஜின்காரருக்கு உத்தரவு அலுவலகத்திலிருந்து. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்வசதியும் குழாய்நீரும் தருவது முதலாளியின் கடமை என்று சொல்லும் வீடமைப்பு, வசதிகள் சட்டம் 1990ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக்கே போய்விட்டேன்.

இதற்கிடையில், கடலுக்கு அக்கரையில் வேறொரு வகை வெளிச்சம் பிறந்துகொண்டிருந்தது. பினாங்குத் தீவில் வேலையின்மை மிகுந்திருந்த காலம் அது. 1969இல் முதலமைச்சரான துன் டாக்டர் லிம் சோங் இயூவின் முயற்சியால் 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் உருவாயிற்று. வயல்வெளியாகக் கிடந்த அவ்விடத்திற்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டுச் சாமுராய்கள்' என்று குறிப்பிடுவர். இன்டெல், ஹியூலெட் பேக்கார்டு, ஹித்தாச்சி, போஷ் முதலியவற்றோடு லிட்ரோனிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனமும் அதில் ஒன்று. லிட்ரோனிக்ஸ் செய்தது நம் கதைக்குரிய பொருள்: எல்.இ.டி. அக்காலத்துக் கைக்கடிகாரங்களிலும் கணக்கிடும் கருவிகளிலும் சிவப்பு எண்களாக ஒளிர்ந்தவை இவையே. அத்தொழிற்சாலை பின்னர் சீமென்ஸ் கைக்கும் அதன்பின் ஓஸ்ராம் கைக்கும் மாறியது. ஹியூலெட் பேக்கார்டும் பினாங்கில் எல்.இ.டி. உறுப்புகள் செய்தது.

எல்.இ.டி.யைத் தமிழில் ஒளியுமிழ் இருமுனையம் என்கிறோம். உமிழ்தல் என்ற சொல் சிலருக்குக் கூச்சத்தைத் தருகிறது. எனக்கு அது மிகப் பொருத்தமாகவே படுகிறது. பழைய மின்குமிழில் கம்பி சூடேறிப் பழுத்து, அச்சூட்டின் மிச்சமாக ஒளி வரும். இதில் அப்படிச் சூடேறிப் பழுக்கும் கம்பி இல்லை. இருவகைக் குறைகடத்திகள் ஒட்டியிருக்கும் எல்லையில், ஒருபுறமிருந்து வரும் மின்னணு மறுபுறமுள்ள துளையில் விழுகிறது. விழும்போது இழக்கும் ஆற்றலையே ஒளியாக உமிழ்கிறது. விழும் பள்ளம் சிறிதானால் சிவப்பு, ஆழமானால் நீலம். மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்பதால், நீண்ட காலை நேர்முனையில் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் எரியாது. மாணவர் பத்துப் பேரில் ஐவர் முதல் முறை மாற்றித்தான் இணைப்பர்!

இவ்வொளியை முதலில் கண்டு எழுதியவர் ஹென்றி ஜோசப் ரவுண்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஆண்டு 1907. உருசியாவில் ஓலெக் லோசெவ் 1927இல் இதைப் பற்றி விரிவாக ஆய்ந்தெழுதினார். அவர் 1942ஆம் ஆண்டு லெனின்கிராடு முற்றுகையில் பட்டினியால் இறந்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் இருமுனையத்தை 1962 அக்டோபரில் செய்து காட்டியவர் நிக் ஹோலோன்யாக். இவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது நான் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன். இவர் தந்தை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்கப் போனவர். நெற்றியில் விளக்குக் கட்டி இருளில் இறங்கிய ஒருவரின் மகன் என்று சொன்னால், நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. நீல விளக்குக்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அகாசாக்கி, அமானோ, நாக்காமுரா ஆகிய மூவர்க்கும் அதற்காக 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

பினாங்கு ஆலைகளுக்கு வேண்டியிருந்தது கூரிய பார்வையும் பதறாத விரல்களும். நாடு முழுவதிலிருந்தும் இளம்பெண்கள் வந்தனர். பெரும்பாலோர் மலாய்க் கிராமத்துப் பெண்கள். சீனப் பெண்களும் கெடா தோட்டங்களின் தமிழ்ப் பெண்களும் அவர்களோடு இருந்தனர். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் பட்டர்வொர்த் வரை பேருந்து, பிறகு பெர்ரி. பலர் தீவிலேயே ஓர் அறைக்கு ஆறேழு பேராக வாடகைக்கு இருந்தனர். அவர்கள் செய்த வேலைகளில் கடினமானது கம்பியிணைப்பு. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய பொற்கம்பியை, மணற்பரு அளவுள்ள சில்லின்மேல் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். சில ஆண்டுகளில் பார்வை மங்குவது அக்காலத்தில் பரவலான குறைபாடு. மின்னணுத் துறையில் தொழிற்சங்கம் அமைக்க நெடுங்காலம் இடமில்லை. 1988இல் கூட நிறுவனத்துக்குள்ளேயே அடங்கும் சங்கங்களுக்கு மட்டுமே வழி விட்டனர். தோட்டத்துப் பெரட்டிலிருந்து ஆலையின் சங்கொலிக்கு மாறினார்கள் என்று சொல்வதா, விடுதலை பெற்றார்கள் என்று சொல்வதா? இரண்டையும் அப்பெண்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மாதச் சம்பளத்தைத் தம் கையில் வாங்கிய முதல் தலைமுறைப் பெண்கள் அவர்கள்.

இன்று அக்கரை செல்ல வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996 முதல் இயங்குகிறது. இன்பினியான் நிறுவனம் 2006இல் அங்கே சில்லு ஆலை திறந்தது. ஓஸ்ராம் 2009இல் பினாங்கில் எல்.இ.டி. சில்லுகளையே வார்க்கத் தொடங்கி, 2017 நவம்பரில் கூலிமில் அதனினும் பெரிய ஆலையைத் திறந்தது. முன்பு வெளிநாட்டில் செய்த சில்லை இங்கே கொணர்ந்து கம்பி ஒட்டினோம். இப்போது சில்லே கூலிமில் பிறக்கிறது. ஆயினும் இத்தொழிலில் நிலைப்பு இல்லை. 2024 பிப்ரவரியில் ஒரு பெரிய வாடிக்கையாளர் நுண்ணிய எல்.இ.டி. திட்டத்தைக் கைவிட்டதும், அதற்கெனவே எழுப்பிய புதிய கூலிம் ஆலையின் எதிர்காலம் கேள்விக்குறியாயிற்று. இரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் கண்ட முகங்களை அப்போது மீண்டும் கண்டேன்.

இனி, விளக்கைக் கட்டுப்படுத்தும் கலைக்கு வருவோம். கணினிக்கு முன்பே இக்கலை இருந்தது. மேற்கு வங்கத்தின் சந்தன்நகரில் செகத்தாத்திரி பூசைக்குப் புகழ்பெற்ற விளக்கலங்காரங்கள் உண்டு. ஸ்ரீதர் தாஸ் போன்ற கலைஞர் அங்கே சுழலும் உருளைகளைக் கொண்டு விளக்குகளை ஓடவும் ஆடவும் வைத்தனர். உருளையின்மேல் செப்புத் தகடுகள். உருளை சுழலும்போது எந்தத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகடுகளின் அமைப்பே நிரல். நம் ஊர்த் திருவிழாக்களில் தேரின்மேல் வட்டமாய் ஓடும் விளக்குகளுக்கும் இத்தகைய சுழல்கருவியே முன்னாளில் பயன்பட்டது. சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்துச் சித்திரா பௌர்ணமித் தேரைப் பார்க்கச் சிறுவயதில் போனபோது, தேருக்குப் பின்னால் வந்த மின்னாக்கி வண்டியின் அருகிலேயே நடந்து வந்தேன் என்று என் தாயார் சொல்லிச் சிரிப்பார். சாமியைப் பார்த்த நினைவு எனக்கில்லை.

நான் முதன்முதலாகக் கணினியால் விளக்கேற்ற முயன்றது 2004ஆம் ஆண்டில். அதற்கு முந்திய ஆண்டுதான் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அதன் பொருட்டு மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும் பள்ளிகளுக்கு வந்தன. மின்தடை, மின்சுற்று என்று முந்திய ஆண்டு வரை சொன்ன வாய், திடீரென்று வேறு சொற்களுக்கு மாற வேண்டியிருந்தது. (அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் வந்தது.) வகுப்புக்கு வெளியே, மாலை நேரக் கழகத்தில் தமிழில் சொல்லித் தரலாம் அல்லவா? அதற்காகவே இந்தக் கைவேலையைத் தேர்ந்தேன்.

அக்காலக் கணினிகளின் பின்புறத்தில் அச்சுப்பொறிக்கென 25 ஊசிகள் கொண்ட ஒரு முனை இருக்கும். 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியிலேயே அதற்கு இடம் இருந்தது. அதில் 2 முதல் 9 வரையுள்ள எட்டு ஊசிகள் தரவு ஊசிகள். 18 முதல் 25 வரை தரைமுனை. எட்டு ஊசிக்கு எட்டு விளக்கு. முதல் விளக்கின் மதிப்பு 1, இரண்டாவதன் மதிப்பு 2, பிறகு 4, 8, 16, 32, 64, 128. எரிய வேண்டியவற்றின் மதிப்பைக் கூட்டி, கியூபேசிக் மொழியில் 'அவுட்' என்ற கட்டளையோடு 888 என்ற முகவரிக்கு அனுப்பினால் போதும். 5 அனுப்பினால் முதலாவதும் மூன்றாவதும் எரியும். 255 அனுப்பினால் எட்டும் எரியும். 0 அனுப்பினால் எல்லாம் அணையும். இரட்டை எண்முறையை இதைவிட எளிதாக நான் கற்பித்ததில்லை. கரும்பலகையில் ஒரு வாரம் புரியாதது, விளக்கில் அரைமணி நேரத்தில் புரிந்தது.

ஆனால் அந்த அரைமணிக்கு முன்னால் ஒரு விபத்து நடந்தது. தவறு முழுவதும் என்னுடையதே. முனையில் வருவது ஏறத்தாழ 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடையம் வேண்டும். 330 ஓம் வைத்தால் 9 மில்லியாம்பியர் ஓடும். பழைய முனைகளுக்கு அதுவே மிகுதி என்பதால், இடையில் யூ.எல்.என். 2803 போன்ற ஒரு சில்லை வைத்துக்கொள்வதே முறை. இவை எதையும் அறியாமல் விளக்கை நேரே ஊசியில் செருகினேன். ஒரு கணம் பேரொளி. பிறகு விளக்கும் இல்லை, முனையும் இல்லை. பள்ளியில் அச்சுப்பொறி இணைந்திருந்த ஒரே கணினி அது. ஆண்டிறுதித் தேர்வுத்தாள்களைக் கையால் எழுதி, பட்டணத்துக்குக் கொண்டுபோய் என் செலவில் நகலெடுத்து வந்தேன். தலைமையாசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "விளக்கு எரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். எரிந்தது என்றேன்.

பிறகு அன்பர் ஒருவர் தந்த பழைய கணினியில் முறைப்படி செய்தோம். விண்டோஸ் 98 இருந்ததால் கட்டளை நேரே முனைக்குச் சென்றது. புதிய மடிக்கணினிகளின் விண்டோஸ் எக்ஸ்பி அதைத் தடுத்துவிட்டது. தனி நிரல்கோப்பு ஒன்றைச் சேர்த்தே வழி திறக்க முடிந்தது. சில ஆண்டுகளில் அந்த முனையே மடிக்கணினிகளிலிருந்து மறைந்தது. நன்கு ஓடிய கைவேலை ஒன்று, கணினி முன்னேறியதால் செத்துப்போயிற்று! நான்கைந்து ஆண்டுகள் நான் விளக்குகளைத் தொடவே இல்லை.

மீண்டும் தொட வைத்தது ஆர்டுயினோ. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்களுக்காகச் செய்த சிறு பலகை அது. யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து நிரலை ஏற்றிவிட்டால், பிறகு கணினி இல்லாமலே இயங்கும். பலகை எரிந்தாலும் பள்ளியின் கணினி தப்பும். என்னைப் போன்றோர்க்கு இதுவே முதற்சிறப்பு. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு மாணவர்க்கு இலவசமாகத் தந்த மைக்ரோபிட் பலகையில் 25 விளக்குகள் ஏற்கெனவே பதித்திருக்கும். ஆனால் தொடக்க நிலை மாணவர்க்கு நான் இன்றும் தனி விளக்கு, தனி மின்தடையம், பிரெட்போர்டு என்றே தருகிறேன். காலை மாற்றிச் செருகி, எரியாமல் போய், திருப்பிச் செருகும் அனுபவம் அவர்களுக்கு வேண்டும்.

சென்ற ஆண்டு செய்தது இதுதான். அட்டையால் எட்டு வீடுகள் கொண்ட ஒரு லயம். வீட்டுக்கு ஒரு விளக்கு. பழைய 1, 2, 4, 8 எண்முறையையே ஆர்டுயினோவிலும் வைத்துக்கொண்டோம். மாலை 6.30க்கு எல்லா வீட்டிலும் விளக்கு வர வேண்டும். 10 மணிக்கு எல்லாம் அணைய வேண்டும். மணி என்பது இங்கே நொடி. மாணவி ஒருத்தி நிரலில் 255 என்றும், பத்து நொடிக்குப் பின் 0 என்றும் எழுதி முடித்திருந்தாள். அவளை அழைத்துப்போக வந்த பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸ் போய், பத்தொன்பது ஆண்டுகள் எல்.இ.டி.க்குக் கம்பி ஒட்டியவர். இது நான் அதுவரை அறியாத செய்தி. ஒரு விளக்கை எடுத்து அவர் கையில் தந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, விளக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே பார்த்தார். "கம்பி நல்லா வளைஞ்சிருக்கு," என்றார். இத்தனை ஆண்டில் ஒன்றைக்கூடத் தாம் எரிய வைத்ததில்லையாம். சோதிப்பது வேறு பிரிவு, வேறு கட்டடம்.

பேத்தி விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி, அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டினாள். பாட்டி அழுத்தினார். எட்டு வீட்டிலும் விளக்கு வந்தது. பத்து நொடியில் போயிற்று. மறுபடியும் அழுத்தினார். பிறகு, "இப்படிப் போகாதும்மா," என்றார். "பத்து மணிக்கு முன்ன எஞ்ஜின்காரர் ஒரு தடவ விளக்க மங்க வச்சுக் காட்டுவாரு. பாயைப் போடுங்கன்னு அர்த்தம்." மாணவி உடனே நிரலில் இரண்டு வரிகளைச் சேர்த்தாள். ஒருமுறை மங்கி, எழுந்து, பின் அணைந்தது. பாட்டி தலையசைத்தார். ஆனால் இன்னும் ஒன்று குறைகிறது என்றார். எல்லாம் அணைந்த பிறகும் மூன்றாவது வீட்டில் மட்டும் ஒரு விளக்கு எரியுமாம், மண்ணெண்ணெய் விளக்கு. அவர் தம்பி பரீட்சைக்குப் படித்த வீடு அது.

மூன்றாவது வீட்டின் எண் என்ன என்று மாணவி விரல்விட்டு எண்ணினாள். கடைசி வரியிலிருந்த 0ஐ அழித்துவிட்டு, 4 என்று எழுதினாள்.